பற்றுவரவு இல்லாத பரிசு
நண்பர்கள் வீட்டில் கூடி விளையாட ஒரு பரிசு மாற்று விருந்து: நடத்துவது எப்படி?

வணிகர் வீட்டுப் பரணில் பரிசுப் பொருளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. விற்பனை இலக்கை எட்டியதற்காகக் கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரம், தீபாவளிக்கு மொத்த வியாபாரி அனுப்பிய டீ கப் செட், புதுமனை புகுவிழாவில் வந்த மூன்று ஹாட்பாக்ஸ், யார் கொடுத்தது என்றே நினைவில்லாத பூச்சாடி என்று அட்டைப் பெட்டி பிரிக்காமலே அடுக்கியிருக்கும். அவற்றில் பாதி, அடுத்த விசேஷ வீட்டுக்குப் புதுத் தாள் சுற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். ஒரே கடிகாரம் உறவினர் வீடுகளையெல்லாம் சுற்றி, முதலில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்த வேடிக்கையும் நடப்பதுண்டு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் நாம் வியாபாரிகள். வெளியே சொல்லாவிட்டாலும் மனத்துக்குள் பல்லை எண்ணிவிடுவோம். இது என்ன விலை இருக்கும்? அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன செய்தோம்? இனி என்ன செய்ய வேண்டியிருக்கும்? பரிசு கைக்கு வந்த உடனே மனத்தில் ஒரு பேரேடு திறந்துகொள்கிறது.

அந்தப் பேரேட்டை ஒரு மாலைப் பொழுதுக்காவது மூடி வைத்துவிட்டு, நண்பர்கள் குடும்பத்தோடு கூடிச் சிரித்து மகிழ ஒரு விளையாட்டு இருக்கிறது. செலவு குறைவு. ஏற்பாடு எளிது. பரணும் கொஞ்சம் காலியாகும். அதன் விவரங்களை இங்கே காண்போம்.

கணக்குள்ள கொடை

கொடுத்ததை எழுதி வைப்பது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊர்களில் மொய் நோட்டு ஒரு பெரிய ஏற்பாடு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பாருங்கள். கறி விருந்து போட்டு, அழைத்தவர்களிடம் மொய் வாங்கி, அந்த முதலில் கடை வைத்தவர்கள் உண்டு, போர்வெல் போட்டவர்கள் உண்டு. வங்கி கேட்கும் ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. ஆனால் அவர் முறை வரும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அது கொடைபோலத் தோன்றும் கடன். இரு தரப்புக்கும் தெரிந்தே நடப்பதால் அதில் குறையில்லை.

தெரியாமல் ஏறும் கடன்தான் சங்கடம். மொத்த வியாபாரி ஒருவர் தம் வாடிக்கைக் கடைக்காரர் வீட்டுக்கு வெள்ளி விளக்கு கொண்டுவந்தால் கடைக்காரர் அதற்கு ஈடாக என்ன செய்வார்? செய்ய முடியாதபோது மனம் குறுகுகிறது. அதே கடைக்காரர் சக்திக்கு மீறிப் பெரிதாகச் செய்தால், "தவணை கேட்கப் போகிறாரோ" என்று மொத்த வியாபாரிக்கு ஒரு சந்தேகம். வாரம் ஆறு நாளும் சரக்கு, பாக்கி, தவணை என்று பேசிப் பழகியவர்களுக்குள் நட்பு இருந்தாலும், அந்த நட்பின் மேல் எப்போதும் ஒரு தராசு தொங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த விளையாட்டில் யார் கொடுத்தது என்று எழுதுவதில்லை. எல்லாப் பரிசும் ஏறத்தாழ ஒரே விலை. யாருக்கு எது போகும் என்பதைச் சீட்டுத் தீர்மானிக்கிறது. ஆகவே யாரும் யாருக்கும் கடன்பட்டுத் திரும்புவதில்லை. அரிசி மண்டிக்காரரும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரும் ஒரே ஜமுக்காளத்தில் சமமாக உட்காரலாம். இந்தச் சமநிலை கெடாமல் பார்த்துக்கொள்வதே விருந்து நடத்துபவரின் முதல் வேலை. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளை யானை வந்த கதை

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிசம்பர் மாதத்தில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இந்த விளையாட்டு மிகவும் பிரபலம். அங்கே இதற்கு "வெள்ளை யானை" என்று பெயர். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் "யாங்கி ஸ்வாப்" என்பார்கள்.

நமக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம் நினைவுக்கு வரும். சுந்தரமூர்த்தி நாயனார் கயிலாயம் சென்ற யானை நினைவுக்கு வரும். ஆங்கிலம் பேசுபவர்களுக்கோ அது வேறு பொருள். சயாம் நாட்டு அரசர்கள் தமக்குப் பிடிக்காத அதிகாரிக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவார்களாம். அரசர் கொடுத்த யானையை வேலை வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, பட்டினி போடவும் கூடாது. தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆகிவிடுவாராம். இதற்கு உறுதியான வரலாற்று ஆதாரம் கிடையாது. சயாமிலும் பர்மாவிலும் வெள்ளை யானை அரசருக்கே உரிய பெருமையாகப் போற்றப்பட்டது என்பதுதான் வரலாறு. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. வைத்துக்கொள்ளவும் முடியாமல் தள்ளிவிடவும் முடியாமல் செலவு வைக்கும் பொருளுக்கு வெள்ளை யானை என்று பெயர் வந்தது. குடோன் வாடகை கொடுத்துத் தேங்கிய சரக்கைக் காத்துக் கிடக்கும் வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டில் இப்படித் தேங்கிய பொருளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்வதே விளையாட்டின் ஆரம்பம். இன்று பலரும் குறைந்த விலையில் புதுப் பொருளும் வாங்கி வருகிறார்கள். ஜெர்மனியில் வேண்டாத பழைய பொருள்களை மட்டுமே மாற்றிக்கொள்ளும் இதே வகை விளையாட்டு உண்டு. நெதர்லாந்தில் டிசம்பர் 5-ஆம் தேதி இரவு, சீட்டில் யார் பெயர் வந்ததோ அவரைக் கேலி செய்து ஒரு பாட்டும் எழுதிப் பரிசோடு வைப்பார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பிள்ளைகள் "கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு" என்று விளையாடுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. உங்கள் மகனோ மகளோ கிறிஸ்துமஸ் சமயத்தில் "நூறு ரூபாய்க்குள் ஏதாவது பரிசு வாங்க வேண்டும்" என்று கேட்டிருந்தால் காரணம் இதுதான்.

விளையாட்டின் விதிகள்

எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் கடைசி எண்காரர் கொட்டாவி விடத் தொடங்குவார். கூட்டம் பெரிதானால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள்.

1. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பரிசை, உள்ளே இருப்பது தெரியாதபடி தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெயர் எழுதக் கூடாது. வாசலிலேயே ஒரு கூடையோ பெரிய பையோ வைத்துவிட்டால், யார் எதைக் கொண்டுவந்தார் என்பது தெரியாது.

2. எல்லாப் பரிசும் கூடத்தின் நடுவில். எத்தனை பேரோ அத்தனை எண் சீட்டு எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும்.

3. முதல் எண்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிரித்துக் காட்டுவார்.

4. அடுத்த எண்காரர் நடுவிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரிக்கலாம். அல்லது முன்பு பிரித்தவரிடம் இருப்பதைப் பறித்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் உடனே புதிதாக ஒன்றைப் பிரிக்கலாம். அல்லது வேறொருவரிடமிருந்து பறிக்கலாம். தான் இழந்ததையே அந்தச் சுற்றில் திரும்பப் பறிக்கக் கூடாது.

5. ஒரு பொருளை மூன்று முறைதான் பறிக்கலாம். மூன்றாவதாகப் பறித்தவருக்கே அது சொந்தம். இந்த விதி இல்லையென்றால் விளையாட்டு விடிய விடிய நடக்கும்.

6. கடைசி எண்காரருக்கு எல்லாப் பொருளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. முதல் எண்காரருக்கு அது இல்லை. ஆகவே எல்லாம் முடிந்த பிறகு, முதல் எண்காரர் விரும்பினால் ஒரு முறை யாருடனாவது மாற்றிக்கொள்ளலாம். மூன்று முறை பறிபட்ட பொருளை மட்டும் தொடக் கூடாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் மளிகைக்காரர். அவருக்குச் சுவர்க் கடிகாரம் வந்தது. இரண்டாவது அரிசி மண்டிக்காரர். அவருக்குக் கருப்பட்டிப் பெட்டி. மூன்றாவது பாத்திரக் கடைக்காரர். அவர் கருப்பட்டியைப் பறித்துக்கொண்டார். மண்டிக்காரர் புதிதாக ஒன்றைப் பிரித்தார். தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை வந்தது. நான்காவது மருந்துக் கடைக்காரர். அவரும் கருப்பட்டியைத்தான் பறித்தார். பாத்திரக் கடைக்காரர் விடுவாரா? மண்டிக்காரரிடம் இருந்த பொம்மையைப் பிடுங்கிக்கொண்டார். மண்டிக்காரர் இருப்பதிலேயே பெரிய பெட்டியைப் பார்த்து எடுத்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு ஊறுகாய்ப் பாக்கெட். கடைசி எண் ஜவுளிக்கடைக்காரர். மூன்றாவது முறையாகக் கருப்பட்டியைப் பறித்துப் பத்திரப்படுத்திவிட்டார். மருந்துக் கடைக்காரர் மிச்சம் இருந்ததைப் பிரித்தார், டார்ச் லைட். இப்போது முதல் எண்காரருக்கு உரிமை. அவர் கடிகாரத்தை மருந்துக் கடைக்காரர் கையில் கொடுத்து டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டார். கடிகாரத்தைக் கையில் வாங்கிய மருந்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

பறித்தால் ஏன் இத்தனை சிரிப்பு?

நூறு ரூபாய்க் கருப்பட்டிக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்கலாம். இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு மனித இயல்பு இருக்கிறது.

1989-இல் கனடா நாட்டுப் பொருளாதார அறிஞர் ஜாக் நெட்ச் ஒரு சோதனை நடத்தி அதன் முடிவை வெளியிட்டார். ஒரு குழுவினருக்கு முதலில் ஒரு காப்பிக் கோப்பையைக் கொடுத்து, வேண்டுமானால் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நூற்றுக்கு 89 பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவினருக்கு முதலில் சாக்லேட்டைக் கொடுத்தார். அங்கே நூற்றுக்கு 90 பேர் சாக்லேட்டை விடவில்லை. முதலில் எதையும் கொடுக்காமல் எது வேண்டும் என்று கேட்ட மூன்றாவது குழுவில் கோப்பை கேட்டவர்கள் 56 பேர், சாக்லேட் கேட்டவர்கள் 44 பேர். கிட்டத்தட்ட பாதிப் பாதி. அதாவது, கைக்கு வந்த மறுநிமிடமே பொருளின் மதிப்பு உடையவர் மனத்தில் ஏறிவிடுகிறது. புடவையைப் பிரித்து வாடிக்கையாளர் தோளில் போட்டுக் காட்டும் நம் ஜவுளிக்கடைக்காரர்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டில் சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான். இரண்டு நிமிடத்துக்கு முன் யாருடையதோ தெரியாத கருப்பட்டி, பறிபோகும்போது பூர்வீகச் சொத்தைப் போலத் தோன்றுகிறது. அதை இழந்தவரும் சிரிக்கிறார், பார்ப்பவரும் சிரிக்கிறார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பறிபோனது உண்மையிலேயே பெறுமானமுள்ள பொருளானால் சிரிப்பு நின்று மனக்கசப்பு தொடங்கிவிடும்.

இன்னொரு ஆராய்ச்சியும் நமக்குப் பொருந்தும். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளின் விலை என்ன, உங்களுக்கு அது எவ்வளவு பெறும் என்று கேட்டு, 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார். கொடுத்தவர் செலவிட்டதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவர் கணக்கு. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று கொடுப்பவருக்குத் தெரியாததே காரணம். பரணில் கிடக்கும் நம் ஹாட்பாக்ஸ்களும் இதற்குச் சாட்சி. மாற்றிக்கொள்ள வழி இருந்தால் இந்த நட்டம் ஓரளவு குறையும். சர்க்கரை நோயாளிக்கு வந்த இனிப்பு, பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போய்ச் சேரும்.

விலை வரம்புதான் உயிர்

விருந்துக்கு அழைக்கும்போதே பரிசின் விலை வரம்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வரம்பை அழைப்பவரின் வசதியை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. வருகிறவர்களில் யாருக்கு வசதி குறைவோ அவருக்குக் கொஞ்சமும் கனக்காத தொகையாக இருக்க வேண்டும். ரூ.100 அல்லது ரூ.150 போதும். குடும்பத்தோடு நான்கு பேர் வந்தால் நான்கு பரிசு வேண்டுமே என்று யாரும் தயங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு பரிசு, வீட்டுக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

வரம்புக்குக் குறைவாகக் கொண்டுவருவதில் தோஷமில்லை. மீறிக் கொண்டுவருவதுதான் விளையாட்டைக் கெடுக்கும். பெருந்தன்மையாக ஒருவர் ஆயிரம் ரூபாய்ப் பொருளை வைத்தால் எல்லோர் கண்ணும் அதன்மேல் போகும். நூறு ரூபாய்ப் பொருள் கொண்டுவந்தவர் தலை குனிவார். எதை மூடி வைத்தோமோ அந்தப் பேரேடு மறுபடி திறந்துவிடும்.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விவகாரமும் உண்டு. "கொள்முதல் விலை தொண்ணூறுதான், வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று மொத்த வியாபாரி வாதம் செய்வார். ஆகவே வரம்பு என்பது பாக்கெட்டில் அச்சிட்ட சில்லறை விலைக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைச் சரக்கிலிருந்தே எடுத்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, பரிசாகக் கொடுக்கும் சரக்குக்கும் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் சரக்குக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே வரவு எடுத்திருந்தால் கணக்கில் திருப்ப வேண்டும். தொகை சிறிதானாலும் கணக்கு கணக்குதான். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் பக்கத்துக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிவிடுங்கள். அவருக்கும் ஒரு வியாபாரம் ஆனதாக இருக்கும்.

எது கூடும், எது கூடாது

பரணில் இருக்கும் புதுப் பொருளைத் தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். பெட்டிக்குள் பழைய வாழ்த்து அட்டையோ பெயர்ச் சீட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை உங்களுக்குக் கொடுத்தவர் விருந்துக்கு வருகிறாரா என்றும் யோசிக்க வேண்டும். உதாரணத்தில் சொன்ன கடிகாரம் வேடிக்கையாக முடிந்தது. எல்லாக் கடிகாரமும் அப்படி முடியாது.

பணம், கிஃப்ட் கூப்பன், தங்கக் காசு ஆகியவை வேண்டாம். அவற்றில் விலை எழுதியே இருக்கிறது. மது வகைகள், உயிர்ப் பிராணிகள் வேண்டாம். ஒருவரின் உடல், நிறம், சாதி, கடன், குழந்தைப்பேறு ஆகியவற்றைக் குத்திக் காட்டும் கேலிப் பொருள் கூடவே கூடாது. தேதி முடிந்த சரக்கு, கசங்கிய பாக்கெட், "இலவசம், விற்பனைக்கல்ல" என்று அச்சிட்ட பொருள் ஆகியவற்றைத் தள்ளிவிட இது இடமல்ல. அவை உங்கள் கடையின் பெயரைத்தான் கெடுக்கும்.

வேடிக்கைக்கும் உபயோகத்துக்கும் நடுவில் இருக்கும் பொருளே சிறந்தது. பம்பரமும் கயிறும், பல்லாங்குழி, எலுமிச்சை பிழியும் கருவி, விசில் ஊதும் சாவிக்கொத்து, வாய்ப்பாட்டுப் புத்தகம், பெரிய பெட்டிக்குள் ஒளித்த பெருங்காய டப்பா என்று யோசித்தால் வந்துகொண்டே இருக்கும்.

பெரியவர்களும் பிள்ளைகளும்

ஒருவர் கையிலிருந்து பறிப்பது சில பெரியவர்களுக்குப் பிடிக்காது. சிறு பிள்ளைகளிடம் பறித்தால் அழுதுவிடுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் பறிக்கும் விதியையே எடுத்துவிடலாம். ரேடியோவிலோ போனிலோ பாட்டை ஓடவிட்டு, பிரிக்காத பொட்டலங்களை வட்டமாகக் கைமாற்றிக்கொண்டே வாருங்கள். பாட்டு நின்றதும் அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு.

இன்னாருக்கு இன்னார் பரிசு என்று முன்கூட்டியே ரகசியமாகப் பெயர்ச் சீட்டு எடுப்பது மற்றொரு முறை. இதில் ஒரு தொல்லை உண்டு. எல்லோர் பெயரையும் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுத்தால், யாராவது ஒருவருக்குத் தம் பெயரே வந்துவிடும். எட்டுப் பேர் ஆனாலும் இருபது பேர் ஆனாலும் பத்துத் தடவையில் ஆறு தடவைக்கு மேல் இப்படி நேரும் என்பது கணிதம். சுலபமான வழி இது: விளையாட்டில் சேராத ஒருவர் பெயர்ச் சீட்டுகளைக் கலைத்து வரிசையாக அடுக்கட்டும். ஒவ்வொருவரும் வரிசையில் தமக்கு அடுத்திருப்பவருக்குப் பரிசு வாங்க வேண்டும். கடைசி ஆள் முதல் ஆளுக்கு. யாருக்கு யார் என்பதை அடுக்கியவர் தனித்தனியே காதில் சொல்லிவிட்டால் போதும்.

வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே நின்றுவிட்டால் பாதி விருந்து வீண். அவர்களுக்கும் சீட்டு உண்டு என்று வையுங்கள். அதற்கு ஏற்றபடி பலகாரம் எளிதாக இருக்கட்டும். சுண்டல், போண்டா, வாழைப்பழம், காப்பி போதும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுவந்தாலும் நல்லதே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. வாழை இலைத் துண்டும் எவர்சில்வர் டம்ளரும் நம் வீட்டில் இல்லாததா? பரிசு சுற்றுவதற்குப் பழைய நாளிதழும் சணல் கயிறும் போதும். பொட்டலம் மடிப்பதில் மளிகைக்காரருக்கு நிகர் யார்?

நாள் குறிக்கும்போது வார விடுமுறை மாலையைப் பாருங்கள். கடை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வருபவருக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது. தீபாவளிக் கூட்டமெல்லாம் முடிந்து வியாபாரம் சற்றுத் தணியும் அடுத்த வாரம் மிகவும் ஏற்றது. பரணுக்குப் புதுச் சரக்கு வந்து சேர்ந்திருக்கும் நேரமும் அதுதான்.

கடைக்கு என்ன லாபம்?

விருந்தால் நேரடி வியாபாரம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் விளையாடிப் பார்த்தவருக்கு வாடிக்கையாளரின் தேவை ஒன்று விளங்கும். டிசம்பரில் கல்லூரி மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் "நூறு ரூபாய்க்குள் ஒரு நல்ல பரிசு" தேடி அலைகிறார்கள். மளிகைக் கடைக்கு வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஏன், நமக்கே தோன்றுவதில்லை.

கல்லாவுக்கு அருகில் ஒரே ஒரு தட்டை ஒதுக்குங்கள். ரூ.100, ரூ.150, ரூ.200 என்று மூன்று வரிசை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020-இல் பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆகியவற்றின் சிறு பாக்கெட்டுகள், ஏலக்காய், முந்திரி, நல்ல காப்பித் தூள் என்று வையுங்கள். பாக்கெட்டில் உள்ள விலை, தேதி, தயாரிப்பாளர் விவரம் வாங்குபவர் பார்க்கும்படி இருக்கட்டும். கேட்டால் தாள் சுற்றிக் கொடுங்கள். பெரிய முதலீடு தேவையில்லை. விற்காவிட்டாலும் அது வழக்கமாக ஓடும் சரக்குதான். பரிசுப் பொருளில் உணவுப் பண்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது பரணில் ஏறுவதில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு

விருந்துக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இன்று மாலை பாக்கியைப் பற்றிப் பேச்சு கிடையாது. விலை ஏற்றம், தவணை, செக், லோடு எதுவும் கிடையாது. மீறுபவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அபராதம் வையுங்கள். இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. பாக்கி வைத்திருக்கும் நண்பர், அதைக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் பல விசேஷங்களுக்கு வராமல் நின்றுவிடுகிறார். ஒரு பாக்கி வசூலாகாமல் போனால் அடுத்த ஆண்டு ஈடுசெய்துவிடலாம். கூச்சத்தால் விலகிப்போன நண்பரை அப்படி ஈடுசெய்ய முடியாது. பாக்கியை மறுநாள் காலை கடையில் பேசிக்கொள்ளலாம். அன்று மாலை அவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கையில் வந்த தலையாட்டி பொம்மையைப் பறிகொடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்கட்டும்.

அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதுங்கள். வரம்பைச் சொல்லுங்கள். எண் சீட்டுகளைக் கிழித்து வையுங்கள். பிறகு ஏணியை எடுத்துப் பரண்மேல் சாத்துங்கள். முதல் பரிசு அங்கேதான் காத்திருக்கிறது.